வாப்பாவுக்குத் தொழாதவன்

— குழாய் ஒழுகுறது இருக்கட்டும் தம்பி, அந்த ஸ்பேனரைக் கீழ வை. கூப்பிடாம வந்து ரிப்பேர் பண்ற ஆளு நீ இல்ல. என்ன விஷயம்?

— ஒண்ணுமில்ல அஜரத். சும்மாதான்.

— சும்மாவா? நான் இமாமா இருக்கற பள்ளிவாசல்ல தொழுதா தொழுகையே கூடாது, செல்லாதுன்னு ஊரெல்லாம் சொன்னவன் நீ. இப்ப தொழ வர்றவங்க கை கால் கழுவி ஒளூச் செய்யற குழாய்க்கு வாஷர் மாத்திக்கிட்டு நிக்கற. இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?

— கிண்டல் பண்ணாதீங்க அஜரத். மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்கறதுன்னு தெரியாமத்தான் குழாய்ப் பக்கம் குனிஞ்சேன்.

— சரி, வா. இப்படி உட்காரு.

— வாப்பாவை அடக்கி ரெண்டு மாசம் ஆச்சு. இப்பப் போய் கப்ருகிட்ட நின்னு, அடக்கறதுக்கு முன்னாடி தொழற ஜனாஸா தொழுகையைத் தொழுதா கூடுமா?

— கூடும். ஆனா அன்னிக்கே தொழுதிருக்கலாமே. உன் வாப்பாவை இதோ இந்த முற்றத்துலதான் வெச்சிருந்தோம். நீ கேட்டுக்கு வெளிய பைக் மேல உட்கார்ந்திருந்த.

— அந்த வீடியோதான் அஜரத். 'தொழாட்டியும் பரவாயில்ல, மனசு சுத்தமா இருந்தாப் போதும்'னு நீங்க வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல பேசினது.

— 'இப்படிச் சொல்லித் தப்பிச்சுக்கறவங்க இருக்காங்க'ன்னு அதுக்கு முன்னாடி சொன்னேன். 'ஏமாந்துடாதீங்க'ன்னு பின்னாடி சொன்னேன். ரெண்டையும் வெட்டிட்டான். சரி, வெட்டினவன் எவனோ. நீ மூணாவது வரிசையில என் கண்ணுக்கு நேரா உட்கார்ந்திருந்தியே தம்பி.

— இருந்தேன். மடியில போன் இருந்துச்சு.

— நான் குத்பா ஓதிப் பேசறப்பயா?

— ஆமா. உங்க பேச்சை நேர்ல விட்டுட்டு, சாயங்காலம் அந்தத் துண்டு வீடியோவைப் பார்த்து, அட இப்படியா சொன்னாருன்னு நானே பத்துப் பேருக்கு அனுப்பினேன். அப்புறம் அதே மாதிரி வீடியோவாவே போன்ல வந்துக்கிட்டிருந்துச்சு. இவர் பின்னால நிக்காதேன்னு ஒருத்தர், சலாம்கூடச் சொல்லாதேன்னு இன்னொருத்தர். வேலைக்குப் போன இடத்துல ஏசியைக் கழட்டி மாட்டறப்பவும் காதுல அதுதான். எவனோ பேசறதை என் சொந்த புத்தின்னே நினைச்சுக்கிட்டேன்.

— அதுக்காகப் பெத்த வாப்பா மௌத்துலயுமா?

— அதை ஏன் கேக்கறீங்க. அந்த பைக் மேல உட்கார்ந்துதான், 'வாப்பாவே ஆனாலும் வழிகேட்டுக்குத் துணை போக மாட்டேன்'னு எழுதிப் போட்டேன். லைக் கொட்டுச்சு. சிங்கம்னாங்க. வாப்பாவை வெச்சுத் தூக்கிட்டுப் போன சந்தூக்கு என்னைத் தாண்டிப் போறப்பகூட, யார் யார் என்ன எழுதியிருக்காங்கன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். வெக்கமா இருக்கு அஜரத்.

— இப்ப மட்டும் என்ன வந்துச்சு?

— நேத்து ஒருத்தர், ஆளே தெரியாது எனக்கு, அதுக்குக் கீழ 'உங்க வாப்பா பேர் என்ன, துஆ செய்யணும்'னு கேட்டிருந்தார். பதில் போட எனக்குக் கை வரல. அந்த மனுசன் யாரோ எவரோ. நான் அவர் பெத்த புள்ள, இன்னும் ஒரு தடவைகூட உட்கார்ந்து கையேந்தல. உம்மாவும் பேசறதில்ல. சோத்தை மூடி வெச்சுட்டு உள்ள போயிடறாங்க.

— உம்மாவோட கோபம் வேற தம்பி.

— வேற என்ன, நான் உங்க பின்னால நிக்கலைங்கறதுதானே? அதுக்குத்தான் வந்தேன். கப்ருகிட்ட நீங்க முன்னாடி நில்லுங்க, நான் பின்னால நின்னு தொழறேன். எனக்கு மாப்பு கொடுங்க.

— மாப்பு கொடுக்க, அன்னிக்கு நான் முன்னாடி நின்னிருக்கணுமே.

— நீங்கதானே தொழ வெச்சீங்க?

— யார் சொன்னது?

— யாரும் சொல்லல. காதுல ஹெட்போன் போட்டிருந்தேன். நீங்கதான்னு நானா நினைச்சுக்கிட்டேன்.

— நீ வரணும்னுதான் உன் மாமாவை முன்னாடி நிக்கச் சொல்லிட்டு நான் கடைசி வரிசைக்கு வந்தேன். 'அஜரத் தொழ வைக்கல, நீ வா'ன்னு சொல்ல உன் மச்சானை கேட்டுக்கு அனுப்பினேன்.

— மச்சானா? அவர் வரவே இல்லையே.

— வந்தார். நீ போன்லேருந்து தலையைத் தூக்காமலே 'இதோ வர்றேன்'னு சொன்னியாம். உம்மாவுக்கும் அது தெரியும். நான்தான் உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொல்லி வெச்சிருந்தேன்.

— அல்லாஹ்வே. அப்புறம்?

— அப்புறம் என்ன, நீ வருவேன்னு நம்பி வாப்பாவைக் கொஞ்ச நேரம் காக்க வெச்சோம்.