எடுத்து வைத்த பெயர்

ஷர்மைன்: ...தண்ணி ஊத்துனீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.

லெஸ்லி: ஊத்துனேன் லா. ஃபாதர் ரெங்கம்லேருந்து இந்த ஜேபி ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள பிள்ளைக்கு என்ன ஆகுமோ... அவசரத்துக்கு யாரும் ஞானஸ்நானம் குடுக்கலாம்னு நர்ஸ் செசிலியா மிஸ்ஸிதான் சொன்னாங்க. ஊசிக்குழாய்ல தண்ணி குடுத்தாங்க. ரெண்டு சொட்டு.

ஷர்மைன்: ரெண்டே சொட்டா?

லெஸ்லி: தலையே ஒரு ஆரஞ்சு அளவுதான், ஷர்மி.

ஷர்மைன்: அழுதாளா?

லெஸ்லி: தொண்டையில குழாய் இருக்குல்ல... சத்தம் வராது. ஆனா நெத்தியச் சுருக்குனா. உங்கம்மா மீன்காரன்கிட்ட பேரம் பேசறப்ப சுருக்குவாங்களே...

ஷர்மைன்: சிரிக்க வைக்காதீங்க. தையல் வலிக்குது.

லெஸ்லி: இருபத்து மூணு வாரம். ஐந்நூத்தி அறுபது கிராம். கண்ணு இன்னும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. தோலுக்குள்ள ரத்தம் ஓடறது தெரியுது... ஆனா பத்து வெரல்லயும் நகம் இருக்கு. எண்ணிப் பாத்தேன். யாரு உக்காந்து செஞ்சாங்களோ...

ஷர்மைன்: டாக்டர் எப்ப வர்றாரு?

லெஸ்லி: பன்னெண்டுக்கு. மெஷின்லயே வச்சுப் பாக்கறதா, இல்ல குழாய எடுத்துட்டு நம்ம கையில குடுக்கறதா... நம்மதான் சொல்லணுமாம். ரெண்டுமே தப்பில்லன்னாரு.

ஷர்மைன்: பத்துல நாலுன்னாரே...

லெஸ்லி: நாலு பொழைக்கலாம். அதுலயும் கண்ணு, மூளை எப்படி இருக்கும்னு... சொல்ல முடியாதாம்.

ஷர்மைன்: நேத்து பேசுனதுதானே? பிள்ளைய வேதனைப்படுத்த வேணாம். மரியான்னு பேரு வச்சு, நெஞ்சுல போட்டு அனுப்பிடலாம். ஜெரால்டின்ங்கற பேரு, வீட்டுக்கு வர்ற பிள்ளைக்குன்னு எடுத்து வச்சது...

லெஸ்லி: ம்.

ஷர்மைன்: ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்றீங்க?

லெஸ்லி: மரியான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அவ என் வெரலப் புடிச்சுட்டா. நகத்துக்கு மேல எட்டல... ஆனா விடல. வாயில ஜெரால்டின்னு வந்துருச்சு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி... எல்லாம் சொல்லி முடிச்சுட்டேன். மன்னிச்சுக்க. நீ வேணாம்னா, டாக்டர்கிட்ட நானே...

ஷர்மைன்: தலையணைக்கு அடியில பாருங்க.

லெஸ்லி: என்னா?

ஷர்மைன்: பாருங்க லா. மெல்ல... சிந்திடாதீங்க. விடியக்காலைலேருந்து ஊசிக்குழாய்ல பீச்சுன பால், ஒரு மில்லி கூடத் தேறல. செசிலியா மிஸ்ஸிதான் சொல்லிக் குடுத்தாங்க. உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு நாந்தான் கேட்டுக்கிட்டேன்... போங்க, ஆறிடப் போகுது. ஜெரால்டினுக்கு அம்மா குடுத்துவிட்டாங்கன்னு சொல்லுங்க.