பாதி மாத்திரை

நர்ஸ்: பைய அப்படியே மேஜை மேல கவுத்துடுங்கண்ணே.

டிரைவர்: கவுக்கணுமா? அதான் சீட்டு இருக்குல்ல சிஸ்டர், அதுல எல்லாம் எழுதியிருக்கே...

நர்ஸ்: சீட்டுல டாக்டர் எழுதுனது இருக்கும். பையிலதான் நீங்க சாப்பிடுறது இருக்கும். ம்... கவுங்க.

டிரைவர்: மானத்த வாங்காதீங்க. உள்ள சீப்பு, கைக்குட்டை, கண்ட குப்பையும் கெடக்கு.

நர்ஸ்: சீப்புக்கெல்லாம் நான் பி.பி. பாக்க மாட்டேன்.

டாக்டர்: கவுத்துடுங்க டிரைவர். இந்த மாசத்துலேருந்து எல்லாரும் மருந்துப் பையோட வரணும்னு இவ சட்டம் போட்டிருக்கா. என்னாலயே எதுத்துப் பேச முடியல.

டிரைவர்: சரி, சரி... இந்தாங்க. பாத்துக்குங்க என் சொத்த.

நர்ஸ்: அடேங்கப்பா! ஆறு வகை... அதுல ரெண்டு அட்டை காலி.

டாக்டர்: இத்தனையும் சாப்பிட்டும் நூத்தி எழுபத்தெட்டுக்கு நூறா? போன தடவை நூத்தி எழுபது. மாத்திரையோட பவர கூட்டுனேன். ஏறியிருக்கு! அதுக்கு முந்தின தடவையும் இதே கதைதான்.

டிரைவர்: அது... டிராபிக் டாக்டரம்மா. பஸ் ஓட்டுறவனுக்கு ரத்தம் கொதிக்காம என்ன பண்ணும்?

டாக்டர்: இந்த பேப்பர்ல நான் கையெழுத்து போட்டாத்தான் உங்க லைசென்ஸ் புதுப்பிப்பாங்க. இந்த நம்பர வச்சுக்கிட்டு நான் போட மாட்டேன். அம்பது பேர் பின்னாடி உக்காந்திருப்பாங்க.

டிரைவர்: இருபத்தாறு வருஷம் டாக்டரம்மா! ஒரு கோழியக் கூட அடிச்சதில்ல. லைசென்ஸ் முடிய இன்னும் இருபத்தி நாலு நாள்தான் இருக்கு. லைசென்ஸ் போச்சுன்னா டிப்போவுல என்னைய டயர் எண்ணத்தான் உக்கார வைப்பாங்க...

டாக்டர்: அதனாலதான் சொல்றேன். இன்னொரு மாத்திரை சேத்து எழுதுறேன்...

நர்ஸ்: கொஞ்சம் பொறுங்க டாக்டர். அண்ணே, இந்த டப்பாவுல என்ன?

டிரைவர்: அதுவா... அது ஒண்ணுமில்ல...

நர்ஸ்: பாதி மாத்திரை! எல்லாம் அளவெடுத்த மாதிரி வெட்டியிருக்கு. எதால வெட்டுனீங்க?

டிரைவர்: ...நகவெட்டிதான்.

டாக்டர்: அய்யய்யோ! இது உள்ள போய் மெதுவா கரையிற மாத்திரை. இருபத்தி நாலு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கணும். வெட்டுனா மொத்தமா ஒரே நேரத்துல இறங்கிடும். அப்புறம் நாள் பூரா ஒண்ணும் இருக்காது. ஏன் வெட்டுனீங்க?

டிரைவர்: சும்மா... முழுசு பெருசா இருக்கு, தொண்டையில சிக்குது...

நர்ஸ்: அண்ணே. என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. மாசத்துக்கு மருந்துக்கு எவ்வளவு ஆகுது?

டிரைவர்: அத ஏன் கேக்குறீங்க...

நர்ஸ்: கேக்குறேன்.

டிரைவர்: மூவாயிரத்து நூறு.

டாக்டர்: எவ்வளவு?

டிரைவர்: மூவாயிரத்து நூறு! நீங்க ஒரு வரி எழுதிடுறீங்க, கடைக்காரன் அதுக்கு பில்லு அடிக்கிறப்போ எனக்கு அங்கேயே நெஞ்சு வலிக்குது. மாத்திரை பவர கூட்டினீங்க, நான் வெட்ட ஆரம்பிச்சேன். மறுபடி கூட்டினீங்க, அதையும் வெட்டுனேன். இப்ப இன்னொரு மாத்திரைங்கிறீங்க. நான் எதத்தான் வெட்டுறது?

டாக்டர்: ...நீங்க பாதி சாப்பிட்டதால பி.பி. ஏறுச்சு. ஏறுனதால நான் கூட்டுனேன். கூட்டுனதால நீங்க... கடவுளே. ரெண்டு பேரும் சேந்து செக்கு சுத்தியிருக்கோம். ஏன்யா எங்கிட்ட சொல்லல?

டிரைவர்: டாக்டர்கிட்ட போய் காசில்லன்னு எப்படிச் சொல்றது... அசிங்கமா இருக்காதா?

டாக்டர்: அசிங்கம் எனக்குத்தான். பதினெட்டு வருஷமா எழுதுறேன், இதோட விலை என்னன்னு ஒரு நாள் கேட்டதில்ல. ஏம்மா, நீ ஒரு நோட்டு வச்சிருப்பியே, நான்கூட கேலி பண்ணுவேனே...

நர்ஸ்: விலை நோட்டு. மளிகைக் கணக்கு எழுதுறியான்னு கேப்பீங்க.

டாக்டர்: தப்புதான் தாயே. எடு அத.

நர்ஸ்: ரெடியா இருக்கு. மொதல்ல... இந்த சிவப்பு அட்டையும் இந்த நீல அட்டையும் ஒண்ணுதான். மேல கம்பெனி பேரு வேற, உள்ள இருக்கிற மருந்து ஒண்ணு.

டாக்டர்: நீலம் நான் எழுதலியே?

டிரைவர்: அது நெஞ்சு படபடன்னு அடிச்சப்போ பெரிய ஆஸ்பத்திரியில குடுத்தது.

டாக்டர்: ஒரே கொழுப்பு மாத்திரைக்கு ரெண்டு கடையில ரெண்டு தடவை காசு. தூக்குங்க ஒண்ண. இந்த கேஸ் மாத்திரை?

டிரைவர்: ரெண்டு வருஷம் முன்னாடி வயித்த வலிக்கு நீங்க குடுத்தீங்களே.

டாக்டர்: அஞ்சு நாளைக்குக் குடுத்தேன்!

டிரைவர்: நிறுத்துன்னு நீங்க சொல்லலியே...

டாக்டர்: தூக்கு. சத்து மாத்திரை?

நர்ஸ்: இருக்கிறதுலயே விலை ஜாஸ்தி இதுக்குத்தான் டாக்டர்.

டாக்டர்: ரெண்டு வேளை காய்கறி சாப்பிடுங்க, போதும். தூக்கு. இந்த நீர் மாத்திரை... ஆமா, போன தடவை கால் வீங்குதுன்னு சொன்னீங்க. அதுக்காக எழுதுனது.

நர்ஸ்: கால காட்டுங்கண்ணே... எங்க வீக்கம்? செருப்பு வார் அழுந்துன தடம்கூட இல்ல.

டிரைவர்: அது... சாயங்காலம் வரும். காலையில வத்திடும். வீங்குச்சு சிஸ்டர், நெஜமாத்தான். மெட்டியக் கூட கழட்ட முடியாது... இல்ல, அதான், விரல்லாம் உப்பிடும்.

நர்ஸ்: ம்ம்...

டாக்டர்: அந்த வீக்கமே இந்த வெட்டுன மாத்திரையாலதான் வந்திருக்கும். இந்த ஜாதி மருந்துக்கு அது உண்டு. ஒரு மருந்தால வந்த வீக்கத்துக்கு இன்னொரு மருந்து எழுதியிருக்கேன் பாரு! ரெண்டையும் தூக்கு. பி.பி.க்கு வேற ஒண்ணு தரேன். பழைய மருந்து, நல்ல மருந்து, சல்லிசு. கம்பெனி பேரு எழுதல, மருந்து பேருதான் எழுதுறேன். கடையில எது விலை கம்மியோ அதக் கேட்டு வாங்குங்க.

நர்ஸ்: கொழுப்பு மாத்திரை பத்து மில்லிகிராமும் இருபதும் ஒரே விலை டாக்டர். அண்ணனுக்கு வேண்டியது பத்து. இருபதுல நடுவுல கோடு போட்டிருக்கு, உடைக்கலாம். ஒரு அட்டை வாங்குனா ரெண்டு அட்டைக்கு சமம்.

டாக்டர்: பிரமாதம். டிரைவர், இத மட்டும் உடைக்கலாம். கோடு இருக்கிறத, நாங்க சொன்னா மட்டும்.

டிரைவர்: அப்ப என் நகவெட்டிக்கு வேலை போகல!

நர்ஸ்: கையாலயே உடையும். நகவெட்டிய நகத்துக்கு வச்சுக்குங்க. கூட்டிட்டேன் டாக்டர்... மாசத்துக்கு இருநூத்தி நாப்பது.

டிரைவர்: ஒரு நாளைக்கா?

நர்ஸ்: மாசத்துக்கு!

டிரைவர்: ...இன்னொரு தடவை சொல்லுங்க.

நர்ஸ்: மா... சத்... துக்கு. இருநூத்தி நாப்பது. ஆனா ஒரு சந்தேகம்ணே. மாசம் முப்பது மாத்திரை வாங்குறீங்க. தினம் பாதின்னா பதினஞ்சு மிச்சம் இருக்கணுமே. அட்டை காலியா இருக்கே?

டிரைவர்: அது... வெட்டும்போது தெறிச்சு ஓடிடும் சிஸ்டர். கட்டிலுக்கு அடியில...

நர்ஸ்: பதினஞ்சும் கட்டிலுக்கு அடியிலயா?

டிரைவர்: எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு...

நர்ஸ்: வீட்டு நம்பர குடுத்துட்டுப் போங்க. ஒழுங்கா சாப்பிடுறீங்களான்னு போன் பண்ணுவேன்.

* * *

டிரைவர்: மூணு வாரமாச்சு. ஒரு நாள் தவறல. இந்தாங்க கை, பாத்து சொல்லுங்க.

நர்ஸ்: பேசாம இருங்கண்ணே. பேசுனா ஏறும்.

டிரைவர்: சரி... எவ்வளவு காட்டுது?

நர்ஸ்: உஷ்ஷ்!

டிரைவர்: அந்தக் கருவி சரியாத்தானே...

நர்ஸ்: நூத்தி இருபத்தெட்டுக்கு எம்பது.

டிரைவர்: யாருக்கு?

நர்ஸ்: பக்கத்து வீட்டுக்காரருக்கு! உங்களுக்குத்தாண்ணே!

டாக்டர்: தள்ளு, நான் ஒரு தடவை பாக்குறேன்... அதேதான்! ஆறு மாத்திரையில இறங்காதது ரெண்டுல இறங்கியிருக்கு. எடுங்கய்யா அந்தப் பேப்பர!

டிரைவர்: போடுங்க டாக்டரம்மா, போடுங்க! நல்லா அழுத்திப் போடுங்க. டயர் எண்ண வைப்பேன்னு சொன்னானே அந்த டிப்போ மேனேஜர், அவன் மேஜையில கொண்டுபோய் டமால்னு வைக்கிறேன் பாருங்க!

டாக்டர்: போட்டாச்சு. அஞ்சு வருஷம் ஓட்டுங்க. மூணு மாச மருந்தையும் ஒரே சீட்டுல எழுதிட்டேன், மாசா மாசம் லீவு போட்டு வந்து நிக்க வேண்டாம்.

நர்ஸ்: டாக்டர் இப்ப வர்ற எல்லார்கிட்டயும் மொதக் கேள்வியா இதத்தான் கேக்குறாங்கண்ணே. ‘மருந்து வாங்க முடியுதா’ன்னு. போன வாரம் மட்டும் ஒம்பது பேர் டப்பாவுல பாதி மாத்திரை கொண்டு வந்தாங்க.

டிரைவர்: ஒம்பது பேரா! நான் ஒருத்தன்தான் திருடன்னு நெனச்சேன்...

டாக்டர்: என்ன, திடீர்னு மூஞ்சி சுருங்குது? கையெழுத்துதான் கெடச்சிருச்சே.

டிரைவர்: டாக்டரம்மா... ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

டாக்டர்: திட்டுறதும் திட்டாததும் கேட்டப்புறம்.

டிரைவர்: அந்த இன்னொரு பாதி... கட்டிலுக்கு அடியில ஓடல. வீட்டுல அவளுக்கும் பி.பி. இருக்கு. போன வருஷம் ஒரு முகாம்ல பாத்தப்போ சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனியா டாக்டர், மருந்துன்னா என் சம்பளம் எங்க தாங்கும்? ஒரே வியாதிதானேன்னு... எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி.

டாக்டர்: ஒரே சீட்டுலயா! புருஷன் பொண்டாட்டி ஒரே தட்டுல சாப்பிடலாம்யா, ஒரே சீட்டுல மாத்திரை சாப்பிடலாமா?

டிரைவர்: கால் வீங்குனதுகூட அவளுக்குத்தான். நான்தான் எனக்குன்னு சொல்லி மருந்து வாங்கிட்டுப் போனேன். இந்த மூணு வாரமா நான் முழுசா சாப்பிடுறேன். அவகிட்ட கேட்டா, ‘எனக்கு ஒண்ணுமில்ல, நீ மொதல்ல லைசென்ஸ் வாங்கு’ங்கிறா. எனக்கு சோறு இறங்கல டாக்டரம்மா. இந்தப் பேப்பர் கையில வந்ததும் கேட்டுடணும்னு இருந்தேன். இப்பத்தான் இருநூத்தி நாப்பதாச்சே, இன்னொரு இருநூத்தி நாப்பது என்னால முடியும். அவளையும் பாருங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்.

டாக்டர்: ...ஏம்மா, சொல்லிடலாமா?

நர்ஸ்: கையெழுத்துதான் விழுந்துடுச்சே டாக்டர், இனிமே சொல்லலாம்.

டிரைவர்: என்ன... என்ன சொல்லணும்?

நர்ஸ்: நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே, நீங்க டூட்டியில இருந்தப்போ வீட்டுக்குப் போன் பண்ணேண்ணே. ஒரு பொம்பளக் குரல் எடுத்துச்சு. யாரு என்னன்னு சொல்லி, ‘அந்தக் கால் வீக்கம் எப்படி இருக்கு’ன்னு கேட்டேன். ‘எனக்கு இப்போ தேவலாம் சிஸ்டர்’னாங்க! மறுநாள் காலையில நீங்க டூட்டிக்குப் போனதும் இங்க, நீங்க உக்காந்திருக்கிற இதே நாற்காலியில வந்து உக்காந்தாங்க. தனி சீட்டு, தனி மருந்து, நேத்து பாத்தப்போ நூத்தி இருபத்தாறுக்கு எம்பது... உங்களவிட ரெண்டு கம்மி! ‘அவரு கையில அந்தப் பேப்பர் வர்ற வரைக்கும் மூச்சு விடாதீங்க, எனக்கும் தனியா மருந்துச் செலவுன்னு தெரிஞ்சா மனுஷன் மறுபடியும் நகவெட்டிய எடுத்துடுவாரு’ன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுத்தான் எந்திரிச்சாங்க.