நாற்காலி தூக்கிய நால்வரின் மடல்

கணக்கைக் கற்கண்டாக்கிய கனிவே! காலம் தவறாத கண்ணியமே! முப்பத்தொரு ஆண்டுகள் மைசூரில் எங்கள் பள்ளியில் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் ஜோவிதா டீச்சர் அவர்களே! வணக்கம்.

நிர்வாகத்தின் கன்னட மடல் இப்போதுதான் வாசிக்கப்பட்டது. உங்கள் பொறுமையை அதில் ஆறு இடங்களில் புகழ்ந்தார்கள்; நீங்கள் தொடுத்த வழக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆகவே தமிழ் பேசும் நாங்கள் நால்வர் இந்த இரண்டாம் மடலைத் தலைகுனிந்து படைக்கிறோம்.

இளம்பிள்ளைவாதம் கால்களை முடக்கியும், விஜயநகர் வீட்டிலிருந்து பக்கச்சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் முதல் மணிக்கு முன்பே வந்துவிடுபவர் நீங்கள். மாடியில் நடக்கும் கூட்டங்களுக்கு உங்களை நாற்காலியோடு தூக்கிச் சென்றவர்கள் நாங்கள். அதில் எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆண்டு மலரில் படமே போட்டுக்கொண்டோம். நடுவில் கழிப்பறைக்கு இறங்க யாரையும் கூப்பிடக் கூடாதென்று அந்நாட்களில் நீங்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவுமில்லை.

தலைமையாசிரியர் அறை மாடியில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் உங்களை இருமுறை ஒதுக்கி, இளையவர்களுக்குப் பதவி தந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி வழக்குத் தொடுத்தீர்கள். தனியாள் அதிகாரியிடம் புகார் சொல்லலாம், நீதிமன்றத்தில் வழக்காட உரிமை இல்லை என்றது நிர்வாகம். கூடவே நீதிமன்றத்தில் காட்ட எங்களிடம் ஒரு கடிதம் கேட்டது. சக ஆசிரியர்கள் அன்போடு தூக்கிச் செல்வதால் டீச்சருக்கு எந்தக் குறையும் இல்லை என்று எங்களில் பெர்னார்ட் எழுதினார். மற்ற மூவரும் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்டோம்.

நீங்கள் கோபிக்கவில்லை. மறுநாள் பெர்னார்டைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"சார், நீங்க நாலு பேரும் லீவு போட்ட அன்னைக்கு, நான் இந்த ஸ்கூல் டீச்சரா இல்லையா?"

அந்தக் கேள்வியை அவர் அப்படியே எங்களிடம் கொண்டுவந்தார். அந்தப் படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்கிறது என்று எங்களிடம் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான்.

உரிமைக்கு உரமூட்டிய உத்தமியே! வழக்காடும் உரிமை உங்களுக்கு உண்டு என்று சென்ற மாதம் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனி நிர்வாகம் பெரிதாக நம்பியிருப்பது எங்கள் கடிதத்தைத்தான். அந்தப் பதவி இனி உங்களுக்குக் கிடைக்காது. காலம் கடந்துபோனதில் எங்களுக்கும் பங்குண்டு. ஆனாலும் அடுத்து வருபவருக்காக வழக்கை விடமாட்டேன் என்கிறீர்கள்.

இந்த விழாவையும் மாடியில்தான் வைத்திருந்தார்கள். தூக்க வேண்டாம் என்று நீங்கள் மறுத்ததால் அத்தனை பேரும் இறங்கி வந்து மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இறங்கி வரக் கால் மணி நேரம்தான் ஆயிற்று. முப்பத்தொரு ஆண்டுகளில் இது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

நோயின்றி, நிறைவோடு, வழக்கின் தீர்ப்பையும் கண்டு பல்லாண்டு வாழ்வீர்களாக! இம்மடலைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். எங்கள் கடிதம் உண்மையல்ல என்று நீதிபதி முன் சொல்வதற்காக வரும் வியாழக்கிழமை நாங்கள் நால்வரும் லீவு போட்டிருக்கிறோம்.

வெட்கத்துடனும் நன்றியுடனும்,
பெர்னார்ட்
செந்தில்நாதன்
காளிதாஸ்
விஜய்குமார்
மைசூரு