தட்டின் நான்கு மூலைகள்

மிச்சச் சாப்பாட்டை மைக்ரோவேவில் சூடாக்கித் தின்ற யாருக்கும் தெரியும்: ஒரு வாய் நாக்கைச் சுடும், அடுத்த வாய் சில்லென்று இருக்கும். இதுகூடத் தெரியாமல் ஒருவன் தொழிற்சாலை மேலாளர் ஆக முடியுமா என்று கேட்பீர்கள். என் மச்சினன் ஆனான்.

இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி செய்கிறோம். உள்ளேயிருக்கும் சிப்புகளைத் தட்டில் அடுக்கி, மேலே பிசின் ஊற்றி, சூட்டில் இறுக வைக்க வேண்டும். பழைய அடுப்பில் அது அரைநாள் வேலை. மச்சினன் மைக்ரோவேவ் அடுப்பு வாங்கி, ரிப்பன் வெட்டி, அதன்மேல் கைபோட்டுப் படமும் எடுத்துக்கொண்டான். நிமிடங்களில் எல்லாம் இறுகியது, தட்டின் நான்கு மூலைகளைத் தவிர. அங்கே பிசின் பார்வைக்குத்தான் கெட்டி; உள்ளே அரைவேக்காடு. ஈரம் புகும், இணைப்பை அரிக்கும், கருவி நிற்கும். தரச்சோதனை என் பொறுப்பு. மூலைத் துண்டுகளைக் கழித்துவிடச் சொன்னேன்.

"அத்தானுக்குப் புதுசு எதுவுமே செரிக்காது. பழைய அடுப்பையே கட்டிக்கிட்டு அழுவாரு," என்றான், கூட்டத்தில். இயக்குநர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மூளையில் சிக்கனமானவர்கள் சிரிப்பில் தாராளம்.

பிறகு மாமனாருக்கு இதயம் தடுமாறியது. "நம்ம கருவியையே வெச்சிடலாம். நல்லதா ஒண்ணு நீங்களே பாத்து எடுங்க அத்தான்," என்றான். பார்த்துத்தான் எடுத்தேன். மூலைச் சிப் போட்டது.

மாமனார்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. பெண் கொடுத்தவர், மரியாதை தெரிந்தவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள பாத்து எடுத்தது, எனக்கென்ன பயம்?" என்றார். ஆனால் ஊரார் யாராவது செத்தால் மச்சினனுக்கு அது வெறும் புகார்க் கடிதம். சொந்த அப்பா என்றால் யோசிப்பான் என்று நினைத்தேன். அவனை மிகையாக மதிப்பிட்டது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

கருவி நின்றது. அவரும்தான். துக்க வீட்டில் மச்சினன் என் தோளில் சாய்ந்து, "எல்லாம் விதி அத்தான். நம்ம கையில என்ன இருக்கு?" என்று அழுதான்.

அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் நானே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்களாவது அவனுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள்.

அதே தட்டின் மற்ற மூன்று மூலைகளா? அவற்றையும் விற்பனைக்கு அனுப்பிவிட்டேன். யார் நெஞ்சில் இருக்கின்றனவோ, எனக்குத் தெரியாது. ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி.