பந்தைக் கைமாற்றாத சண்முகராசா அவர்களுக்கு

தென்லண்டன் மிச்சம் தமிழர் பேஸ்போல் கழகத்தின் எறிமேட்டிலிருந்து இன்று இறங்கும் பெருந்தகையே! ரொட்டர்டாம் வளர்த்த தோள்வலியே, நோர்பரி பெற்ற நெஞ்சுரமே! எதிரணி மட்டைகளை ஏங்கவைத்த எறிவேந்தே! தொடங்கிய ஆட்டத்தைத் தொடங்கிய கையாலேயே முடித்துவைத்த தன்னிகரில்லாத் தலைமகனே! எங்கள் அன்புக்குரிய ராசா அண்ணையே, வணக்கம்.

இந்தக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடைபெறுபவரின் இடத்துக்கு வருகிறவனே அவருக்கான மடலை எழுதி, மண்டபத்தில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். எழுதுகிறவன் ஓரிடத்திலும் 'நான்' என்று சொல்லக்கூடாது, கழகத்தின் குரலில்தான் பேச வேண்டும். ஆகவே உங்களுக்குப் பின் பந்தெறிய அந்த எறிமேட்டில் ஏறப்போகும் நிர்மலன் தன்னையும் இங்கே நிர்மலன் என்றே குறிப்பிடுகிறான். அது அவனுக்கு வசதியாகத்தான் இருக்கிறது. சொந்த வாயால் சொல்லக் கூச்சமான சங்கதிகளைக் கழகத்தின் வாயால் சொல்லிவிடலாம். அவற்றில் பெரியது, அவன் பல ஆண்டுகளாக உங்கள்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறான் என்பது.

முறைப்படி முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறோம். இளவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக ஹாலந்தின் ரொட்டர்டாம் சேர்ந்து, பூப்பெட்டி ஏற்றும் கிடங்கில் பகலெல்லாம் உழைத்து, அங்குள்ள வேலையாட்களின் அணியில் ஆள் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா போய் நின்று, பந்தெறியப் பழகி, பின்பு அந்தக் கலையைப் பெட்டிபடுக்கையோடு லண்டனுக்கும் கொண்டுவந்தவர் நீங்கள். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாத எங்களை மிச்சம் கொமன் என்னும் ஊர்த்திடலில் கூட்டி நிறுத்தி, பந்தை நிலத்தில் குத்தாமல் எறியப் பழக்கினீர்கள். முழங்கை மடிந்தால் நோபோல் என்று சண்டைக்கு வந்தவர்களையெல்லாம் சிரித்தே அடக்கினீர்கள். மழையோ குளிரோ, ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால் ஒன்பதையும் நீங்களே எறிந்தீர்கள். உங்களுக்கு உதவி எறிவாளராக நியமிக்கப்பட்ட நிர்மலன் வேலியோரம் எறிந்து பழகிக் கையைச் சூடாக்கிக்கொண்டு நின்றான். சூடாக்கிய கை ஆறும், மறுபடி சூடாக்குவான், அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அமெரிக்காவின் அந்தக் காலத்து எறிவாளர்களின் கதையை நீங்கள் எடுப்பீர்கள். தொடங்கியவரே முடித்த காலம் அது. சிலர் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களும் எறிந்தார்கள் என்பீர்கள். இன்றைக்கு ஐந்தாறு இன்னிங்ஸோடு, நூறு பந்தை எட்டுவதற்குள் பந்தைக் கொடுத்துவிட்டுத் தோளுக்கு ஐஸ் வைக்கப் போய்விடுகிறார்கள், பின்னால் நாலுபேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, வேறு எங்கும் பார்க்காமல் நிர்மலனைப் பார்த்துச் சிரிப்பீர்கள். அவனுக்குப் பற்றி எரியும். ஒருநாள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் தேடிப் படித்துக் கழக வட்ஸ்அப்பில் நீளமாக எழுதினான். அந்தக் காலத்தில் எறிந்தவர்கள் அவசரத்துக்கென்று பலத்தைச் சேமித்து வைத்துக்கொண்டே எறிந்தார்கள், இன்றைய எறிவாளர் ஒவ்வொரு பந்துக்கும் உடம்பு முழுவதையும் கொடுக்கிறார், வேகம் கூடக்கூடத் தோள் சீக்கிரம் களைக்கும், இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது என்றான். எழுதியது அத்தனையும் சரி. எழுதவைத்தது மட்டும் வயிற்றெரிச்சல். நீங்கள் அதற்கு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நித்திரைக்குப் போய்விட்டீர்கள்.

அவன் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை, அண்ணை. ஒரேயொரு ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை தன் கையால் எறிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாற்பதை நெருங்கும் ஒரு கணக்காளனுக்கு இப்படியொரு ஆசையா என்று வீட்டில் கேட்டார்கள். ஆசை போகவில்லை.

சென்ற புரட்டாதியில் கென்ற் அணியோடு இறுதியாட்டம். முழு ஆட்டம் கிடைக்காவிட்டாலும், ராசா அண்ணையின் கடைசி ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸாவது உனக்கு என்று பயிற்றுநர் ஞானேஸ்வரன் நிர்மலனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னபடியே எட்டாவது இன்னிங்ஸ் முடிந்ததும் மேட்டுக்கு நடந்துபோய்க் கையை நீட்டினார்.

"ராசா அண்ணை, காணும். பந்தைத் தாங்கோ."

"எனக்கு இன்னும் ஏலும். நீர் போய் இரும்."

ஞானேஸ்வரன் நீட்டிய கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அடுத்து வந்த மூன்று மட்டையாளரையும் நீங்கள் வெறுங்கையோடு அனுப்பினீர்கள். கிண்ணம் எங்களுக்கு. ஓடிவந்து உங்களைத் தூக்கியவர்களில் நிர்மலனும் ஒருவன், வலது பக்கம் பிடித்தவன் அவன்தான். தோளில் கை பட்டதும் உங்கள் முகம் கோணியதை அவன் கண்டான். கண்டும் அந்தக் கணத்தில் அவனுக்கு வந்தது இரக்கம் அல்ல. இந்தத் தோள் ஒரு இன்னிங்ஸுக்கு முன்னால் நொந்திருக்கக்கூடாதா என்றுதான் நினைத்தான்.

இந்த மடலுக்கு விவரம் சேர்க்கப் போன மாதம் அவன் நோர்பரிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தான். நீங்கள் கதிரையில் இருக்க, உங்கள் துணைவி கமலேஸ்வரி அக்கா பின்னால் நின்று சீப்பால் உங்களுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தார். அவன் பார்ப்பதைக் கண்டு அவர் சொன்னதை, அவரிடம் அனுமதி கேட்டே இங்கு வைக்கிறோம்.

"இந்தக் கை தலைமட்டும் போகாது, தம்பி. ரெண்டு வருசமா நான்தான் இழுத்து விடுறன். ஆனா ஞாயிற்றுக்கிழமையில மட்டும் இவருக்கு எல்லாம் ஏலும்."

நீங்கள் இடக்கையால் தேநீரை எடுத்து அவனிடம் நீட்டினீர்கள். அவன் குடித்துவிட்டு வந்தான். வீடு வரும்வரை உங்களை நினைத்துக் கலங்கினான், வீடு வந்ததும் பழையபடி பொறாமைப்பட்டான். என்ன மனுசன் இவன் என்று மண்டபத்தில் யாராவது கேட்கலாம். கழகமும் அதைத்தான் கேட்கிறது.

அந்தப் பொறாமை இன்றுவரை போகாததற்கும் ஒரு காரணம் உண்டு. உங்கள் தோளின் நிலை தெரிந்ததும் எங்கள் இயன்மருத்துவர் பிரீத்தா நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து, இந்தப் பருவத்திலிருந்து எந்த எறிவாளரும் எண்பது பந்துக்கு மேல் எறியக்கூடாது என்றார். இன்னொருவருக்குத் தலை இழுத்துவிட இன்னொரு மனிசி வரவேண்டாம் என்றார். வாக்கெடுப்பு நடந்தது. நிர்மலனும் கை உயர்த்தினான், ஏனென்றால் அவர் சொன்னது நியாயம். எண்பது பந்தில் ஐந்து இன்னிங்ஸ் போகலாம், நல்ல நாளென்றால் ஆறு. ஒன்பது போகாது. இத்தனை காலம் காத்திருந்த மேடு அவனுக்குக் கிடைத்துவிட்டது, அண்ணை. அதில் நீங்கள் நின்றதைப்போல நிற்க அவனுக்கு இனி ஒருநாளும் வாய்க்காது. வருகிற ஞாயிறு ஞானேஸ்வரன் வந்து கையை நீட்டும்போது, தனக்கு ஏலும் என்று தெரிந்தாலும், அவன் பந்தைக் கொடுத்துவிட்டு இறங்கத்தான் வேண்டும்.

உங்கள் வேகத்தின்மேல் அவனுக்குப் பொறாமை இல்லை, அவன் உங்களைவிட வேகமாக எறிவான். கிண்ணங்களின்மேலும் இல்லை. போய் இரும் என்று சொல்ல உங்களால் முடிந்ததே, சொன்னதும் ஞானேஸ்வரன் போய் இருந்தாரே, அதன்மேல்தான். வலிக்கும் என்று தெரிந்தே எறிந்தீர்கள். அது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல இந்த மடல் ஆளில்லை. நிர்மலனுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி வாழ்த்து. மங்காப் புகழும் மாறா மகிழ்வும் சூழ, கமலேஸ்வரி அக்காவோடு நீங்கள் நூறாண்டு நோயின்றி வாழ வேண்டும். அந்த வலக்கை தலை இழுக்குமளவுக்குச் சுகப்பட வேண்டும், பேரப்பிள்ளைகளைத் தூக்குமளவுக்குச் சுகப்பட வேண்டும், கோயிலில் இரண்டு கையையும் உயர்த்திக் கும்பிடுமளவுக்குச் சுகப்பட வேண்டும். பந்து எறியுமளவுக்கு மட்டும் சுகப்பட வேண்டாம் என்று லூயிஷாம் கோயில் சிவனிடம் நிர்மலன் தனியாகக் கேட்டிருக்கிறான். ஏனென்றால் நீங்கள் திரும்பி வந்து மேட்டடியில் நின்று கையை நீட்டினால், அவன் பந்தைத் தந்துவிடுவான்.

உங்களோடு ஆடியவர்களும்,
உங்களால் வேலியோரம் நின்றவனும்,
மிச்சம் தமிழர் பேஸ்போல் கழகத்தார்
லண்டன்