வாடாத செடிங்க

இல்லைங்க, பரவால்ல, உக்காருங்க. உங்க பொண்ணு உக்காந்த நாற்காலிதான்.

இந்த லேப்ல இருந்து அவளை ஏன் அனுப்பினேன்னுதானே கேக்கறீங்க? சொல்றேன். நீங்க தையல்காரர், உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். தக்காளிச் செடி பச்சையா இருக்கும்போதே திடீர்னு தொங்கிப் போகும், பாத்திருப்பீங்க. கிருமி வேர் வழியா உள்ள போயி தண்டுல தண்ணி ஏற வழியில்லாம அடைச்சிடும். ஆனா போன உடனே அடைக்காது. கொஞ்சமா இருக்கறவரைக்கும் கம்முனு கெடக்கும். கூட்டம் சேந்ததும் அதுக்குள்ள இருக்கற ஒரு புரதம், மேஸ்திரி மாதிரி, ம்ம் ஆரம்பிங்கடான்னு சொல்லும். அப்புறம்தான் பசையைக் கக்கும். செடி காலி.

அந்த மேஸ்திரியையே அதட்டி வேலை வாங்கற இன்னொரு புரதம் இருக்குன்னு சொன்னா உங்க பொண்ணு. அதை எடுத்துட்டா கிருமி செடிக்குள்ளயே குடித்தனம் பண்ணுமாம், செடி வாடாதாம்.

நான் நம்பலை. செத்த கிருமியை ஊத்திட்டுக் கதை விடறியான்னேன். ஆமா, எல்லார் முன்னாடியும்தான். தனியாக் கூப்பிட்டுத் திட்டினா மத்தவங்களுக்கு எப்படி பயம் வரும்? தண்டை அறுத்துக் காட்டறேன், கிருமி உயிரோட இருக்கு, ஒரு தடவை பாருங்க சார்னு பின்னாடியே வந்தா. நான் திரும்பிக்கூடப் பாக்கலை. அவ வளர்த்த செடியெல்லாத்தையும் அவ கையாலயே வெட்டி, ஆவில அவிக்கற டிரம்ல போடச் சொன்னேன். அழுதுகிட்டே போட்டா. இனிமே தண்ணி ஊத்த வேணாம்மான்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க.

இப்ப எப்படி இருக்கா? ரூமை விட்டே வர்றதில்லையா? அட. சின்ன வயசு, சரியாயிடும்.

திரும்பச் சேத்துக்கறதா? ஓ, நான் கூப்பிட்டு விட்டதால அப்படி நெனச்சிட்டீங்களா? சேச்சே. அந்த இடத்துக்கு ஆள் வந்தாச்சுங்க.

விஷயம் என்னன்னா, அவ போனப்புறம் நாங்களே செஞ்சு பாத்தோம். செடி ஜம்முனு நின்னுச்சு. உள்ள கிருமியும் உயிரோடதான் இருந்துச்சு. அவ சொன்னது சரிதான். என் பேர்ல வெளியில சொல்லியும் ஆச்சு. ஆனா மறுபடி செஞ்சா எல்லாம் வாடித் தொலையுது. செடி வளர்த்த ரூம்ல எத்தனை டிகிரி சூடு வெச்சிருந்தா? அதுதான் இங்க ஒருத்தனுக்கும் தெரியலை. உங்ககிட்ட மட்டுந்தான் பேசறாளாமே? சாப்பாடு போடும்போது பேச்சுவாக்குல கேட்டுச் சொல்லுங்களேன். நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, பாவம், மனசு கஷ்டப்படும்.