வேப்பிலைத் தண்ணி

இசைவாணி: மொதல்ல மோட்டார நிறுத்துங்க.

சாமிதுரை: நாத்தங்கால் பாதிகூட நனையல வாணி.

இசைவாணி: வாய்க்கால்லதான் தண்ணி வந்துடுச்சே. அப்புறமா மடையத் தொறந்து விட்டுக்கலாம். நான் பேசறது உங்க காதுல விழணும்.

சாமிதுரை: வீட்ல பேசக்கூடாதா? இதுக்குன்னு வயக்காடு வரைக்கும்...

இசைவாணி: வீட்ல உங்கம்மா இருக்காங்க. தமிழ்நிலா இருக்கா. அவளுக்குப் பத்து வயசு, எல்லாம் புரியுது.

சாமிதுரை: சரி... நிறுத்திட்டேன். உக்காரு. நீ என்ன பேசப் போறன்னு எனக்குத் தெரியும்.

இசைவாணி: என்ன பேசப் போறேனாம்?

சாமிதுரை: ஒன்றர வருஷம் கழிச்சு சிங்கப்பூர்லேருந்து வந்திருக்கேன். வந்து பதினோரு நாளாச்சு. பதினோரு நாளும் நீ புள்ளகூடப் போய்ப் படுத்துக்கற.

இசைவாணி: எண்ணிக்கிட்டா இருக்கீங்க?

சாமிதுரை: எண்ணாம? தெனம் காலையில எந்திரிச்சு, இன்னைக்காச்சும் கேட்டுடணும்னு நெனக்கிறேன். உன் மூஞ்சியப் பாத்தா கேக்க வரல.

இசைவாணி: கேட்டிருக்கலாம்ல.

சாமிதுரை: இப்பக் கேக்கறேன். என்ன, என்மேல எதாச்சும் கோவமா?

இசைவாணி: கோவமில்லீங்க... எனக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு.

சாமிதுரை: எப்ப? என்ன உடம்பு?

இசைவாணி: பொம்பளைங்களுக்கு வர்றது.

சாமிதுரை: மாசாமாசம் வர்றதா?

இசைவாணி: அது இல்ல. வெள்ளப்படறது... அதோட அரிப்பு. ஒக்கார முடியாது, நிக்க முடியாது. ஒண்ணுக்குப் போனா மொளகாப்பொடியத் தூவின மாதிரி எரியும்.

சாமிதுரை: ...

இசைவாணி: அந்தப் பக்கம் திரும்பிக்காதீங்க. நீங்க இப்படித் திரும்பிக்குவீங்கன்னுதான் இத்தன நாளா சொல்லல.

சாமிதுரை: இல்ல... சொல்லு. எப்போலேருந்து?

இசைவாணி: போன வருஷம் மாசியில.

சாமிதுரை: நான் போன வருஷம் பொங்கலுக்கு வந்துட்டுப் போனேனே...

இசைவாணி: அதுக்கு அடுத்த மாசம்.

சாமிதுரை: போன்ல ஒரு வார்த்த சொல்லல நீ.

இசைவாணி: போன்ல என்னன்னு சொல்றது? நீங்க ஸ்பீக்கர்ல போட்டுட்டு வெங்காயம் நறுக்குவீங்க. ஒரே ரூமுல பன்னெண்டு பேரு. ஒருத்தர் "வணக்கம் தங்கச்சி"ம்பாரு, ஒருத்தர் "ஊர்ல மழையா"ம்பாரு. நடுவுல நான், எனக்கு அங்க அரிக்குதுன்னு சொல்லணுமா?

சாமிதுரை: ...அதுவும் சரிதான்.

இசைவாணி: யார்கிட்டயும் சொல்லாம மறைச்சேன். நடவுக்கு வர்றாங்களே பிரகதாம்பாளக்கா, அவங்க கண்டுபிடிச்சிட்டாங்க. வரப்புல நான் கால அகட்டி அகட்டி வச்சு நடந்தேனாம். "உனக்குமா"ன்னு கேட்டாங்க.

சாமிதுரை: உனக்குமான்னா?

இசைவாணி: அதத்தான் நானும் கேட்டேன். அந்த நடவுக் கூட்டத்துல ஒம்போது பேரு. அதுல அஞ்சு பேருக்கு இருக்கு. காலையிலேருந்து சாயந்திரம் வரைக்கும் சேத்துலயும் தண்ணியிலயும் குனிஞ்சு நிக்கறோம். அதே ஈரப் பாவாடையோட வீட்டுக்குப் போய், அடுப்பு வேலையெல்லாம் முடிச்சப்புறந்தான் துணி மாத்தறது.

சாமிதுரை: அஞ்சு பேருக்கா?

இசைவாணி: ஒருத்தி வீட்லயும் ஆம்பளைக்குத் தெரியாது. நீங்கதான் மொத ஆளு.

சாமிதுரை: அப்புறம் என்னதான் பண்ண?

இசைவாணி: அக்காதான் வேப்பிலத் தண்ணி சொன்னாங்க. நல்லாக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, வெளிய மட்டும் கழுவணும். வாசன சோப்பு ஆகாது. வயலுக்கு வர்றப்பவே பையில காஞ்ச பாவாடை ஒண்ணு கொண்டாந்து, இந்த மோட்டார் கொட்டாய்லயே மாத்திக்கிட்டுக் கெளம்பணும். தொவைச்சத நல்ல வெயில்ல காயப்போடணும்.

சாமிதுரை: துணிய வெயில்ல காயப்போடறதெல்லாம் ஒரு வைத்தியமா?

இசைவாணி: உங்களுக்கு அது சாதாரணம். உள்ள போடற துணிய நான் என்னைக்காச்சும் வெயில்ல காயப்போட்டுப் பாத்திருக்கீங்களா? சேலைக்கு அடியில மறைச்சு, ரூமுக்குள்ள நெழல்லயே காயணும். பாதி ஈரத்தோடயே எடுத்துப் போட்டுக்கறது.

சாமிதுரை: அம்மா ஒண்ணும் சொல்லலயா?

இசைவாணி: மொத நாளு கொடியிலேருந்து உருவி உள்ள கொண்டுபோய்ப் போட்டாங்க. நான் எடுத்துத் திரும்ப வெளிய போட்டேன். மறுபடி உருவுனாங்க. மூணு நாளு இதே கூத்து. ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. நாலாம் நாளு எட்டிப் பாக்கறேன், வெயிலு எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்து அவங்களே நகத்திப் போட்டுக்கிட்டிருக்காங்க.

சாமிதுரை: எங்கம்மாவா!

இசைவாணி: உங்கம்மாதான். அவங்களும் முப்பது வருஷம் நடவு நட்டவங்கதானே.

சாமிதுரை: அப்புறம்?

இசைவாணி: தெனம் வீட்டுத் தயிரு சாப்பிட்டேன். சீனிய நிறுத்துனேன். பன்னு, பிஸ்கட்டு, பரோட்டா எல்லாத்தையும் நிறுத்துனேன். எரிச்சல் தாங்கலன்னா மேலாக்கத் தேங்காயெண்ண தடவிக்குவேன். கொஞ்சம் அடங்கும்... திரும்ப வரும். ஒரு நாளு யூடியூப்ல ஒரு அம்மா சொன்னுச்சு, பூண்ட உரிச்சு உள்ள வைக்கணும்னு.

சாமிதுரை: வச்சியா?

இசைவாணி: வச்சேன்.

சாமிதுரை: அடிப்பாவி...

இசைவாணி: வெந்துபோச்சுங்க. ரெண்டு நாளு ஒக்கார முடியல. தமிழ்நிலா வந்து, ஏம்மா நின்னுக்கிட்டே சாப்பிடறன்னு கேட்டா. வயித்துவலின்னு சொன்னேன்.

சாமிதுரை: அதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொலையறதுதானே? கண்டவ சொல்றதக் கேட்டுக்கிட்டு...

இசைவாணி: அந்தப் புண்ணோடதான் போனேன். திருவாரூர்ல ஒரு சித்தா டாக்டரம்மா, கவிப்ரியான்னு பேரு. சின்னப் பொண்ணுதான். பூண்டக் கேட்டதும் என்ன திட்டு திட்டுனாங்க தெரியுமா? வேப்பிலத் தண்ணி, காஞ்ச துணி, தயிரு சாப்பிடறது... இதெல்லாம் ஆறுதலுக்கு நல்லதுதான். ஆனா திரும்பத் திரும்ப வருதுன்னா அத வச்சுக்கிட்டே ஓட்டக்கூடாது, பரிசோதன பண்ணணும்னாங்க. அவங்களே பக்கத்துல லேடி டாக்டர்கிட்ட அழைச்சிட்டுப் போனாங்க.

சாமிதுரை: என்னன்னு சொன்னாங்க?

இசைவாணி: பூஞ்ச. காளான் மாதிரியாம். எல்லார் உடம்புலயும் கொஞ்சமா இருக்குமாம், அதுபாட்டுக்கு இருக்குமாம். எடம் குடுத்தா பெருகிடுமாம். மாத்திர தந்தாங்க. சக்கர கூடியிருந்தா இது அடிக்கடி வருமாம், அதனால ரத்தம் எடுத்து எனக்கு இருக்கான்னு பாத்தாங்க. இல்லன்னு வந்துச்சு. அந்த மாத்திரையோட சரியாயிடுச்சு. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு தொந்தரவும் இல்ல.

சாமிதுரை: அப்ப இப்ப நல்லாத்தானே இருக்க? அப்புறம் ஏன் தள்ளிப் படுக்கற?

இசைவாணி: நல்லா இருக்கேன். அதனாலதான் தள்ளிப் படுக்கறேன்.

சாமிதுரை: புரியல.

இசைவாணி: மூணு வருஷத்துக்கு முன்னால ஆடியில வந்தீங்களே. நீங்க போனதும் எனக்கு இதே மாதிரி வந்துச்சு. தானா அடங்குச்சு. ரொம்ப நாளைக்கு ஒண்ணுமில்ல. அப்புறம் பொங்கலுக்கு வந்தீங்க. நீங்க போனதும் திரும்ப வந்துச்சு.

சாமிதுரை: ...என்ன சொல்ல வர்ற?

இசைவாணி: ...

சாமிதுரை: வாணி. வாயத் தொறந்து சொல்லு.

இசைவாணி: உங்களுக்கு அங்க... யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன்.

சாமிதுரை: எந்திரி. வீட்டுக்குப் போ.

இசைவாணி: என்னங்க...

சாமிதுரை: போன்னு சொல்றேன்ல! பதினாலு மாடி ஒசரத்துல சாரம் கட்டறவன்டி நான். கீழ குனிஞ்சா மனுஷன் எறும்பு மாதிரி தெரிவான். அங்க நின்னுக்கிட்டு உன்னையும் புள்ளையயும் நெனச்சுக்கிட்டு... என்னையப் போய்...

இசைவாணி: நெனச்சேன்னுதான் சொன்னேன். நெனக்கிறேன்னு சொல்லல.

சாமிதுரை: ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இசைவாணி: இருக்கு. கோவம் ஆறட்டும், சொல்றேன். இந்தாங்க, தண்ணி குடிங்க.

சாமிதுரை: ...நீ மட்டுந்தான் நெனச்சியா?

இசைவாணி: என்னது?

சாமிதுரை: நானும் நெனச்சேன்.

இசைவாணி: என்னன்னு?

சாமிதுரை: பொங்கல் முடிஞ்சு இங்கேருந்து போன பத்தாம் நாளு... எனக்கும் வந்துச்சு. அதே அரிப்பு. தோலெல்லாம் செவந்து வெடிச்சுப்போச்சு. ஒண்ணுக்குப் போனா கண்ணுல தண்ணி வந்துடும்.

இசைவாணி: ஐயோ... ஏங்க சொல்லல?

சாமிதுரை: ரூமுல ஒருத்தன்கிட்ட மட்டும் சொன்னேன். அவன் சிரிச்சான். ஊர்ல ஒன் பொண்டாட்டியக் கேளுன்னான். அன்னைக்கு மனசுக்குள்ள சந்தேகம் நொழஞ்சதுதான். ஆறு மாசம் உன்கிட்ட நான் சரியாப் பேசல. ஞாபகமிருக்கா?

இசைவாணி: மறக்குமா? எப்பக் கூப்பிட்டாலும் சிக்னல் இல்லம்பீங்க. பக்கத்துல ஒருத்தி உக்காந்திருக்கா, அதான் பேச்சு வரலன்னு நான் இங்க...

சாமிதுரை: அங்க ஒருத்தன் வந்து போறான்னு நான்.

இசைவாணி: ...யாருன்னு நெனச்சீங்க?

சாமிதுரை: விடு.

இசைவாணி: சொல்லுங்க. நான் சொன்னேன்ல.

சாமிதுரை: டிராக்டர் ஓட்ட வர்றானே... இளஞ்செழியன்.

இசைவாணி: கடவுளே! என்னைச் சித்தின்னு கூப்பிடற புள்ளைங்க அது.

சாமிதுரை: தெரியும். எல்லாம் தெரியும். பன்னெண்டு மணி நேரம் வெயில்ல நின்னுட்டு வந்து படுத்தா, தெரிஞ்சதெல்லாம் மறந்துபோயிடும்... நெனச்ச பாவந்தான் நிக்கும்.

இசைவாணி: ஆறு மாசம்... எவ்வளவு அழுதிருப்பேன். தப்பு ரெண்டு பேர் மேலயும் இல்லையாம். டாக்டரம்மா சொன்னாங்க, இது கெட்ட நடத்தையால வர்ற சீக்கு இல்லன்னு. ஒண்ணா இருக்கறப்ப ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டலாம், அதுக்காக யாரும் வெளிய போனாங்கன்னு அர்த்தமில்லன்னு.

சாமிதுரை: இதையெல்லாம் யாரு எங்களுக்குச் சொன்னா?

இசைவாணி: எனக்குச் சக்கர இல்லன்னு வந்ததும் அவங்க இன்னொண்ணு கேட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்குப் பாத்தீங்களான்னு.

சாமிதுரை: எனக்கென்ன, நாப்பத்திரண்டு வயசுதான் ஆவுது.

இசைவாணி: ராத்திரிக்கு நாலு தடவ எந்திரிச்சுக் கொல்லைக்குப் போறீங்க.

சாமிதுரை: இந்த வெயிலுக்குத் தண்ணி நெறயக் குடிக்கிறேன்.

இசைவாணி: பேண்ட்டெல்லாம் கயிறு கட்ட வேண்டியதா இருக்கு.

சாமிதுரை: அங்க சாப்பாடு சரியில்ல.

இசைவாணி: உங்கக்கா ஆசயா செஞ்சு குடுத்த அதிரசத்த, யாருக்கும் தெரியாம எடுத்துப் புள்ளைகிட்ட குடுத்தீங்க.

சாமிதுரை: பல்லு வலிடி.

இசைவாணி: கால் கட்டவெரல்ல அந்தப் புண்ணு?

சாமிதுரை: செருப்புக் கடி... நீ என்ன போலீசா?

இசைவாணி: வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துடுவோம். பத்தரைக்கு நன்னிலத்துலேருந்து பஸ் இருக்கு.

சாமிதுரை: நாத்தங்காலுக்கு உரம் போடணும்.

இசைவாணி: உரம் நாளைக்குப் போடலாம்.

சாமிதுரை: வாணி...

இசைவாணி: ம்.

சாமிதுரை: போக வேணாம். பாத்தாச்சு. சித்திரையில, சாரத்துல நிக்கறப்ப கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. பெல்ட்டு மாட்டியிருந்தேன்... அந்தரத்துல தொங்கிட்டேன். எறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா, சக்கர நானூத்திப் பத்து. இனிமே ஒசரத்துல ஏற ஆகாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. கீழ வேல இல்லன்னுட்டாங்க.

இசைவாணி: ...

சாமிதுரை: லீவுன்னு சொன்னேன்ல. லீவு இல்ல. கணக்க முடிச்சு அனுப்பிட்டாங்க. இனிமே போறதுக்கு எடமில்ல. இத உன்கிட்ட எப்படிச் சொல்றது, அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, பதினோரு நாளா இந்த மோட்டாரப் போட்டுட்டு இங்கயே உக்காந்திருக்கேன்... ஏன் சும்மா இருக்க? திட்டு. அழு. எதாச்சும் சொல்லு.

இசைவாணி: மாத்திரைய ஒழுங்காப் போடறீங்களா?

சாமிதுரை: போடறேன். அந்த அரிப்புக்கும் களிம்பு குடுத்திருக்காங்க, கொறஞ்சிருக்கு... நீ ஏன் அதிர்ச்சியே ஆகல?

இசைவாணி: எனக்குத் தெரியும்.

சாமிதுரை: தெரியுமா? எப்படி?

இசைவாணி: முந்தாநாளு தொவைக்கறதுக்குத் துணி எடுத்தப்ப பொட்டி அடியில ஆஸ்பத்திரிக் காகிதமும் கணக்கு முடிச்ச காகிதமும் இருந்துச்சு. எல்லாம் இங்கிலீசு. போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பி, என்னன்னு படிச்சுச் சொல்லச் சொன்னேன். நீங்களா சொல்லட்டும்னுதான் இன்னைக்கு இங்க வந்தேன்... ஒண்ணு சொல்றேன், என்னைய வெறுத்துடாதீங்க. உங்களுக்கு நானூத்திப் பத்து, வேலையும் போயிடுச்சுன்னு அவங்க போன்ல சொல்லச் சொல்ல, கொல்லையில நின்னு வாயப் பொத்திக்கிட்டு அழுதேன். துக்கத்துல இல்லீங்க... அப்பாடா, எல்லாம் சக்கரையாலதான், அங்க யாருமில்லன்னு.